மணப்பாட்டில் நாற்காலி கொண்டுவந்த அண்ணாச்சிக்கு

போன சனிக்கிழமை சாயங்காலம், மணப்பாடு திருச்சிலுவைக் குன்றின் அடியில் நீலச் சாரம் கட்டி வலை சரிபார்த்துக்கொண்டிருந்தீர்களே, இது உங்களுக்குத்தான்.

1542-இல் முத்துக்குளித்துறை என்ற தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கி ஜெபித்த குகை அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அப்பா இருந்தவரை ஒவ்வொரு செப்டம்பர் 14 திருவிழாவுக்கும் அம்மாவை அங்கே கூட்டிப்போவார். அவர் போனபின் இதுதான் முதல் தடவை. மணலில் பத்தடி நடப்பதற்குள் அம்மாவுக்கு முட்டி மடங்கிவிட்டது. “இங்கிருந்தே கும்பிட்டுக்கிறேன்” என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

நாங்கள் உங்களைக் கூப்பிடவே இல்லை. வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தீர்கள், கூடவே உங்கள் மகன். “ஏறி உக்காருங்கம்மா” என்று மட்டும் சொல்லி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக் குகை வாசலில் இறக்கினீர்கள். அம்மா ஜெபமாலை சொல்லி முடிக்கும்வரை போகவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. என் பிள்ளைகளை அலை ஓரம் கூட்டிப்போய் நண்டு வளை காட்டினீர்கள். சின்னவள் சிரித்த சத்தம் குகைக்குள் கேட்டு அம்மாவும் சிரித்தார்கள். எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன், அண்ணாச்சி.

பணம் நீட்டியபோது, “எங்க அம்மைக்கும் ஜெபமாலைல ஒரு மணி சொல்லச் சொல்லுங்க” என்றீர்கள். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

அம்மா தினமும் சொல்கிறார்கள். ஒரு மணி இல்லை, பத்து மணி.