கௌரிக்கு, லாயத்திலிருந்து

பொள்ளாச்சி,
ஆவணி மாதம்

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே எல்லோரும் நலம். சாரல் இன்னும் விடவில்லை. தென்னந்தோப்புக்காரர்களுக்குச் சந்தோஷம்தான். லாயம் வைத்திருப்பவர்களுக்கு வருஷத்திலேயே கஷ்டமான காலம் இது. தரையும் காயாது, குளம்பும் காயாது.

உன் அண்ணன் மகன் அந்தியூர் சந்தையில் மார்வாரி இனப் பெட்டைக் குதிரை வாங்கிவிட்டான் என்று எழுதியிருக்கிறாய். நல்ல குதிரைகள் வரும் சந்தை அது. குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு நானும் அப்பாவோடு போனவள்தான். அவன் ஏதோ வீடியோவில் பார்த்தானாமே, ஒரே தண்ணீராம், லாயமும் கழுவலாம், புண்ணுக்கும் போடலாம், கிருமியெல்லாம் செத்துவிடுமாம். "நீதான் குதிரையோடு குடித்தனம் நடத்துகிறாயே, இது நிஜமா சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். நிஜம்தான் கௌரி. நாங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் வீடியோவில் சொல்லாமல் விட்டதுதான் முக்கியமான பாதி.

அதன் பெயர் ஹைப்போகுளோரஸ் அமிலம். அமிலம் என்றதும் பயப்படாதே, உனக்குத் தெரிந்த சரக்குதான். வார்டில் புண்ணுக்கு யூசால் என்ற திரவத்தில் நனைத்துக் கட்டு போட்டிருக்கிறாய் அல்லவா? பிளீச்சிங் பவுடர் 12.5 கிராம், போரிக் ஆசிட் 12.5 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். 1915-இல், முதல் உலகப் போர்க் காயங்களுக்காக எடின்பரோவில் உருவாக்கினார்கள். அதில் வேலை செய்தது இந்த ஹைப்போகுளோரஸ் அமிலம்தான். போரிக் ஆசிட் சேர்த்தது காரத்தைக் குறைக்க. காரம் குறைந்தால்தான் இது பிரிந்து வரும். பிறகு யூசாலை ஏன் கைவிட்டார்கள் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். கிருமியோடு புதிதாக வளரும் சதையையும் அது கெடுத்தது. யூசாலில் குளோரின் 0.25 சதவீதம், அதாவது 2500 பிபிஎம், பத்து லட்சம் பங்கில் 2500 பங்கு. இப்போது விலங்குகளின் புண்ணுக்கு விற்கும் திரவங்கள் பெரும்பாலும் 100, 200 பிபிஎம் அளவில்தான் இருக்கின்றன. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் எரிவதில்லை.

இவ்வளவு நீர்த்துப்போனது எப்படிக் கொல்கிறது என்று நீ கேட்பாய். எல்லாம் பிஎச் அளவில், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணில் இருக்கிறது; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். 5-லிருந்து 6 வரை இருந்தால் ஏறக்குறைய முழுவதும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவே இருக்கும். 7.5-க்கு வந்தால் பாதி ஹைப்போகுளோரைட் ஆகிவிடும். அதற்கும் மேலே போனால் சாதாரண பிளீச். மின்னேற்றம் இல்லாத அமில மூலக்கூறு கிருமியின் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். எதிர்மின்னேற்றம் கொண்ட ஹைப்போகுளோரைட்டால் அப்படிச் சுலபமாகப் போக முடியாது. நம் வெள்ளையணுக்களும் கிருமியை விழுங்கிய பிறகு இதையேதான் உள்ளே தயாரிக்கின்றன. குதிரையின் வெள்ளையணுவும் அப்படித்தான்.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித்தான் தயாரிக்கிறார்கள். அந்த வீட்டு உபயோகக் கருவியை வாங்கலாமா என்று பையன் கேட்டிருக்கிறான். சின்னக் கருவிகள் பலவற்றில் இரண்டு பக்கத் தண்ணீரையும் பிரிக்கும் சவ்வு கிடையாது. அதில் வருவது பெரும்பாலும் காரமான ஹைப்போகுளோரைட். தரைக்கு ஆகும், புண்ணுக்கு ஆகாது. வாங்கினால் பிஎச் தாளும் குளோரின் பார்க்கும் பட்டையும் சேர்த்து வாங்கச் சொல். நீச்சல் குளத்துக்கு விற்கிற பட்டை பெரும்பாலும் 10 பிபிஎம்மைத் தாண்டிக் காட்டாது. ஒரு பங்கு திரவத்தில் 19 பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்துப் பார்த்து, வரும் எண்ணை 20-ஆல் பெருக்கினால் கணக்கு கிடைக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரின் இருக்கும். பிஎச்சைக் குறைக்கிறேன் என்று அளவில்லாமல் வினிகர் ஊற்றவும் கூடாது. 4-க்குக் கீழே இறங்க இறங்க குளோரின் வாயு கிளம்பும். புண்ணுக்கு மட்டும் டாக்டர் சொல்லும் தயார் பாட்டிலையே வாங்கட்டும்.

எங்கள் குதிரைக்காரர் பழனியண்ணன் முதலில் நம்பவே இல்லை. "தண்ணியாட்டம் இருக்குதுங்கம்மா, நெடியே இல்லியே, இதுல என்னங்க சாகும்?" என்றார். அவருக்குப் பினாயில் நெடி மூக்கில் ஏறினால்தான் லாயம் சுத்தம். ராஜாவின் கால் கிழிந்தபோதுதான் அவர் மனசு மாறியது. எங்கள் சிவப்புக் குதிரையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனே, அவன்தான். முள்கம்பியில் முன்னங்காலை இழுத்துக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மடிந்து தொங்கியது. குதிரைக்கு அந்த இடத்தில் சதையே கிடையாது, தோலும் நரம்பும் எலும்பும்தான். ஆறும்போது புதுச் சதை தோலுக்கு மேலே பூரித்து வளர்ந்துவிடும், பிறகு வெட்டி எடுக்க வேண்டும். அதனால் அங்கே எரிக்கிற மருந்து எதையும் டாக்டர் போட விடமாட்டார். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரை வருகிறது என்று நம்மூரில் ஆசையாய் ஊற்றுவார்கள். அது வளர்கிற சதையைத் தின்றுவிடும்.

டாக்டர் மூட்டுக்குள் காயம் போகவில்லை என்று சோதித்துப் பார்த்து, தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டுவிட்டுப் போனார். தினமும் சலைன் விட்டுக் கழுவி, பிறகு இந்தத் திரவம். ராஜா முன்பெல்லாம் டிஞ்சர் பாட்டிலைக் கண்டாலே காலைத் தூக்கிக்கொள்வான். இதற்குக் காலை ஊன்றியபடியே நின்றான். ஒரு தடவை எரிந்தால் குதிரை மறக்காது, மறுநாள் அந்தக் காலைத் தொடவே விடாது. எரியாத மருந்து என்றால் தினமும் புண்ணைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. எனக்கு அதுதான் இதன் முதல் நன்மை. ஒன்று மட்டும், நேராகப் பீய்ச்சக் கூடாது. அந்த 'ஸ்ஸ்' சத்தத்துக்குக் குதிரை மிரளும். துணியை நனைத்து வைத்தால் அமைதியாக நிற்கும்.

லாயத்துக்கு வருகிறேன். வீடியோவில் விட்டுப்போன பாதி இதுதான். இந்த அமிலம் எது எதிர்ப்பட்டாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். லத்தி, மூத்திரம், எச்சில், வைக்கோல் தூசி எல்லாம் அதற்கு ஒன்றுதான். அழுக்குத் தரையில் குடம் குடமாகத் தெளித்தாலும் கிருமிக்கென்று எதுவும் மிஞ்சாது. முதலில் குதிரையை வெளியே கட்ட வேண்டும். தென்னை நார்க்கழிவோ வைக்கோலோ, படுக்கை முழுவதையும் அள்ள வேண்டும். ரப்பர் பாயைத் தூக்கி அதன் அடியில் தேங்கியதைச் சுரண்ட வேண்டும். உண்மையான நாற்றம் அங்கேதான் இருக்கும். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அலசி, வடியவிட்டு, அதற்கப்புறம்தான் தெளிப்பு. தரை பத்து நிமிஷம் ஈரமாகவே நிற்க வேண்டும். காய்ந்த பிறகு புதுப் படுக்கை, பிறகு குதிரை. குதிரையை உள்ளே வைத்துக்கொண்டு புகைபோல அடிக்கிறார்களே, அதற்கு நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். மூச்சுக்குழல் அதற்கும் நம்மைப்போலத்தான்.

மூத்திரம் ஊறிய தரையில் நேராக பிளீச்சிங் பவுடரைத் தூவுகிற பழக்கத்தையும் விடச் சொல். மூத்திரத்திலுள்ள அமோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமைன் ஆவி கிளம்பும், கண் எரியும், இருமல் வரும். குதிரை தலையைத் தாழ்த்தித் தரையோரமாகத்தான் மேயும், படுக்கும். நமக்கு லேசாக வருகிற நெடி அதற்கு முழுசாக ஏறும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு எந்த குளோரின் பொருளையும் கலக்கக் கூடாது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குச் சொல்.

மழைக்காலக் குளம்பு அழுகலுக்கும் இது உதவும். குளம்படியின் நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்குமே, அதன் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாறும். கொக்கியால் சுத்தமாகத் தோண்டி எடுத்து, கழுவித் துடைத்து, பஞ்சை நனைத்து உள்ளே அழுத்துவோம். ஆனால் குதிரை மறுபடியும் ஈரப் படுக்கையில் நின்றால் எந்த மருந்தும் நிற்காது. காய்ந்த தரைதான் பாதி வைத்தியம்.

படர்தாமரை வந்த குதிரையின் பிரஷ், வயிற்றுப்பட்டி, போர்வை எதுவும் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. சோப்பில் முடியெல்லாம் போகக் கழுவிய பிறகு ஊறவைக்கலாம். கடிவாள இரும்பை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும். கண்ணில் மட்டும் எதையும் விடக் கூடாது. குதிரை ஒரு கண்ணை மூடி நின்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஈயால் வரும் கோடைப்புண்ணுக்கும் இதை நம்பக் கூடாது. அதன் உள்ளே இருப்பது புழு, அதற்குக் குடற்புழு மருந்துதான் வேண்டும்.

இப்போது அவன் குதிரை விஷயம். சந்தையில் பல ஊர்க் குதிரைகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கும். தாடைக்கடியில் கட்டி வந்து மூக்கில் சீழ் ஒழுகும் ஸ்ட்ராங்கிள்ஸ் அப்படித்தான் பரவுகிறது. அந்தக் கிருமி தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். மூன்று வாரமாவது தனியாகக் கட்டச் சொல். தனி வாளி, தனி பிரஷ், வாளியை தினமும் தேய்த்துக் கழுவிய பிறகு இந்தத் திரவம். காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கட்டும். 99-லிருந்து 101 பாரன்ஹீட் வரை சரி. மூக்கு ஒழுகுவதற்கு இரண்டொரு நாள் முன்பே காய்ச்சல் ஏறிவிடும், அப்போதே பிடித்துவிட்டால் மற்றவை தப்பும். அங்கே ஏற்கெனவே ஒரு மட்டக்குதிரை இருக்கிறது என்றாயே, அதைப் பார்த்துவிட்டுத்தான் புதிதைத் தொட வேண்டும், வரிசை மாறக் கூடாது.

கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் இல்லை என்று பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா என்றும் கேள். இல்லையென்றால் கால்நடை மருத்துவமனையில் சொல்லி இரத்தம் எடுக்க வைக்கட்டும். ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிப்பார்கள். அந்த நோய் மனிதனுக்கும் தொற்றும் கௌரி, எந்த பாட்டிலும் அதற்குப் பதில் ஆகாது.

பாட்டிலை வெயில் படாத இடத்தில், ஒளி புகாத டப்பாவில் வைக்கச் சொல். வெளிச்சமும் சூடும் பட்டால் வெறும் உப்புத் தண்ணீராகிவிடும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திறந்த தேதியை மேலே எழுதி வைத்தால் நல்லது.

வெள்ளிக்கிழமை எங்கள் டாக்டர் இங்கே வருகிறார். குதிரையின் நான்கு குளம்பையும் அடியிலிருந்து படமெடுத்து, பல்லையும் ஒரு படம் எடுத்து, வியாழக்கிழமைக்குள் என் நம்பருக்கு அனுப்பச் சொல். வாங்கிய பிறகு டெட்டனஸ் ஊசி போட்டானா என்பதையும் சேர்த்து எழுதட்டும். டாக்டரிடம் காட்டிவிட்டு அன்று சாயங்காலமே உனக்கு போன் செய்கிறேன்.

அன்புடன்,
செல்வி