முதலில் வடிகால், அப்புறம் கேலரி

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்தின் பழைய விளையாட்டரங்கைப் புதுப்பித்து விரிவாக்கப் போகிறார்களாம், சந்தோஷம். ஆனால் பேச்செல்லாம் கூடுதல் இருக்கைகள், விருந்தினர் மேடை, விளக்குக் கோபுரம் பற்றியே இருக்கிறது. தினமும் காலையில் அங்கே ஓடுகிற மாணவர்கள் கேட்டது இதுவா?

400 மீட்டர் செயற்கை ஓடுதளத்தின் மேலே இருக்கும் ரப்பர் சுமார் 13 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே உள்ள தார்த்தளம் விரிசல் விட்டு, மழைநீர் வடிய வழியும் இல்லாமல் கிடந்தால், மேலே எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் கொப்புளம் கட்டி உரிந்துகொண்டேதான் இருக்கும். வடிகால் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு ரிப்பன் வெட்டவும் முடியாது, அதனால்தான் எப்போதும் கடைசி இடம். பெண்கள் உடை மாற்றும் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் அப்படித்தான், ஆயிரம் இருக்கை சேர்ப்பவர்களுக்கு இது நினைவுக்கு வராதது ஆச்சரியம்.

இன்னொன்று. வேலை நடக்கும் மாதங்களில் மாணவர்கள் எங்கே பயிற்சி செய்வார்கள்? சாலையோரத்திலா? மைதானத்தைப் பூட்டுவதற்கு முன் மாற்று இடத்தை அறிவியுங்கள்.

ஒரு முன்னாள் மாணவர்