மலை மீன் வளர்ப்போர் சங்கம், நீலகிரி: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு 4 முறை கூட்டப்பட்டது. 2 முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் கலைந்தது. ஜூனில் குஞ்சு விநியோகம் நல்லபடியாக முடிந்தது.

தீவனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த சாதாக் கெண்டையைத்தான் நாம் வளர்க்கிறோம். தாய் மீனுக்கு இதுவரை மீன் தூள்தான் போட்டோம். அது கடற்கரையிலிருந்து மலையேறி வருவதற்குள் லாரி வாடகையே நம்மைத் தின்றுவிடுகிறது. முழுக்கப் பிண்ணாக்குக்கு மாறிவிடலாம் என்று போன கூட்டத்தில் பலர் சொன்னீர்கள். நான் ஒப்பவில்லை. சோயாப் பிண்ணாக்கில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது, இரைப்பையே இல்லாத கெண்டையால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மீன் எண்ணெயில் இருக்கும் நீள ஒமேகா-3 கொழுப்பு பிண்ணாக்கில் கிடையாது. அது குறைந்தால் முட்டையும் குஞ்சும்தான் கெடும்.

சரி, பேசிக்கொண்டே இருப்பதைவிடச் செய்து பார்ப்போம் என்று என் வீட்டுப் பின்புறம் 2 தொட்டிகளில் தாய் மீன்களை விட்டேன். ஒன்றுக்குப் பழைய தீவனம். மற்றதற்கு மீன் தூளில் பாதியைக் குறைத்து சோயாப் பிண்ணாக்கு, கூடவே மீன் எண்ணெயும் தாது உப்பும். பச்சை சோயாவை அரைத்துக் கொண்டுவந்த உறுப்பினரிடம் வறுத்துத் தரச் சொன்னேன். புரதம் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் சூட்டில்தான் அழியும்.

ஏப்ரலில் வேலம்பாசியில் முட்டை ஒட்டியது. செத்த முட்டை வெள்ளையாகி, பஞ்சு போலப் பூசணம் பூக்கும். தினமும் காலையில் குளிர்ந்த தண்ணீருக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். சோயாத் தொட்டியில் வெள்ளை முட்டை அதிகம் இல்லை. இந்த ஒரு பருவத்தை வைத்து முடிவு கட்ட முடியாது, இன்னொரு பருவம் பார்த்தாக வேண்டும்.

ஜூலை மழையில் ஒரு மூட்டை கடலைப் பிண்ணாக்கு தார்ப்பாய்க்கு அடியிலேயே பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. மீனுக்கே போட்டுவிடலாம் என்றார்கள் சிலர்; நான் கொளுத்திவிட்டேன். 1960-களில் அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்கு ஈரல் புற்றுநோய் வந்தது இதே பூசண நஞ்சால்தான். மூட்டைக்கான பணத்தை நானே கட்டினேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது, கையிருப்பு சொற்பம். 31 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 12 பேர். குஞ்சு வாங்கும் நாளில் மட்டும் அத்தனை பேரும் வருகிறீர்கள். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கூடம் தந்தவர்களுக்கும் தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் நன்றி.

ஏப்ரல் முட்டைக்கான தீவனத்தைத் தாய் மீனுக்குக் குளிர் காலத்திலேயே போட வேண்டும். டிசம்பருக்குள் மீன் எண்ணெய் வாங்கினால்தான் சோதனை தொடரும். ரசீதுப் புத்தகம் கூட்டம் முடியும்வரை என் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்