நிவாரணப் பணியில் கற்றவை பதிவாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2015 ஏப்ரல் 25ஆம் தேதி நேப்பாளத்தைத் தாக்கிய 7.8 அளவிலான நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். சில வாரங்கள் கழித்து, மழைக்காலம் தொடங்குமுன் கூரைத் தகரமும் தார்ப்பாயும் கொண்டுசேர்ப்பதற்காகச் சிந்துபால்சோக் மாவட்டத்துக்குச் சென்ற தொண்டூழியர்களில் நானும் ஒருவன்.

அங்கு நாங்கள் அமைத்த தற்காலிகக் கழிப்பறைகளைப் பெண்கள் இரண்டு நாள்களாகப் பயன்படுத்தவில்லை. கூச்சம்தான் காரணம் என்று நாங்களாகவே முடிவுகட்டினோம். மூன்றாம் நாள் மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, கதவுக்குப் பதிலாகத் தொங்கிய தார்ப்பாயை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக் காட்டினார். கையை எடுத்ததுமே அது காற்றில் விலகியது. அன்று மாலையே மூங்கில் சட்டத்தில் பலகை அடித்து, உட்புறம் கொக்கி மாட்டி, வெளியே ஒரு விளக்கும் வைத்தோம். குறிப்பேட்டில் அதை எழுதிவைத்தேன். ஊர் திரும்பியதும் குறிப்பேடு அலமாரிக்குள் போய்விட்டது.

2025 மார்ச் 28ஆம் தேதி மியன்மாரில் நிலநடுக்கம் ஏற்பட்டபின், இங்கே சிங்கப்பூரில் நிவாரணப் பொருள் திரட்டிய இளையர்களுக்குப் பெட்டி கட்டித் தரச் சென்றேன். கழிப்பறைக்கென்று எடுத்துவைத்தவற்றில் தார்ப்பாயும் கயிறும் இருந்தன; கொக்கியும் விளக்கும் இல்லை. அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை, ஏனெனில் பத்து ஆண்டுகளாக அதை யாரிடமும் சொல்லாதிருந்தவன் நான்தான்.

குடிமைத் தற்காப்புப் படையினர் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். தொண்டூழியக் குழுக்களோ பணி முடிந்ததும் கலைந்துவிடுகின்றன. கைத்தொலைபேசி மாறும்போது வாட்ஸ்அப் உரையாடல்களும் பல நேரங்களில் அழிந்துவிடுகின்றன. நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் எத்தனை மூட்டை அரிசி கொடுத்தோம் என்பது இருக்குமே தவிர, எங்கே தவறினோம் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை.

1986 மார்ச் 15ஆம் தேதி சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இடிந்து 33 பேர் மாண்டபோது, பெருவிரைவு ரயில் சுரங்கப்பாதைப் பணியில் இருந்த வல்லுநர்கள் இடிபாடுகளுக்குள் வழி குடைய உதவியதையும், 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டதையும் நாம் இன்றும் அறிந்திருக்கக் காரணம், அவை பதிவாகியிருப்பதுதான். மக்களின் நினைவுகளை நேர்கண்டு பதிவுசெய்ய 1979 முதல் இயங்கிவரும் வாய்மொழி வரலாற்று நிலையம், வெளிநாட்டு நிவாரணப் பணிக்குச் சென்று திரும்பும் தொண்டூழியர்களையும், நினைவு மங்குமுன், தமிழிலேயே நேர்காண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிழைகளை மறைக்காமல் கூற நம் தமிழ் அமைப்புகளும் தங்கள் தொண்டூழியர்களை ஊக்குவிக்கலாம்.

என் குறிப்பேட்டை ஒப்படைக்க நான் தயாராக இருக்கிறேன். மலைமழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட சில பக்கங்களை மட்டும் பக்குவமாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தொண்டூழியர் ஒருவர்,
ஈசூன்