சீகன்பால்க் அச்சுக்காக வந்தவர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ் அச்சு வரலாறு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவப் பாதிரியார் சீகன்பால்குக்கு அதில் அரைப் பத்தி. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்தார், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார், அவ்வளவுதான். தகவலில் பிழையில்லை. ஆனால் அந்த மனிதர் எதற்காகக் கப்பலேறினார் என்பது ஒரு வரிகூட இல்லை.

நான் 22 வருடம் அச்சுக்கோர்த்தவன். இடது கையில் எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக், வலது கை கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் எழுத்தைத் துழாவும். ஒரு பக்கம் முடிவதற்குள் விரல் நுனி கறுத்துவிடும். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் போதாமல், பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தமிழ் எழுத்தைச் சிறிதாக வார்ப்பது லேசுப்பட்ட வேலையா? சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். தொழிலுக்காக மட்டும் யாரும் இந்தப் பாடு படமாட்டார்கள். சொல்லியே ஆகவேண்டிய ஒரு செய்தி சீகன்பால்கிடம் இருந்தது.

1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் பட்டியல் போட்டார். இங்குள்ளவர்கள் எதைக் கும்பிடுகிறார்கள் என்று விசாரித்துத் தனி நூலே எழுதினார். (அது சென்னையில் அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசப் போய், அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்களின் கோட்டையில் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். இதில் எதுவும் அச்சுத் தொழிலோடு சேர்ந்ததல்ல. நற்செய்தி சொல்ல வந்தவன், கேட்பவரின் மொழியில் சொல்லவேண்டும், அவரோடு நிற்கவும் வேண்டும் என்று நினைத்தவரின் வாழ்க்கை அது. அச்சு இயந்திரம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

மதம் பரப்ப வந்தவர் என்று எழுதினால் சிலருக்குப் பிடிக்காது, உண்மைதான். அதற்காக அதை மறைத்துவிட்டு அவருடைய எழுத்து அச்சுகளை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. அவரிடம் கேட்டிருந்தால் முதலில் எதைச் சொல்லியிருப்பாரோ அதையே நாம் விட்டுவிடுகிறோம்.

தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தை 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்தார். அடுத்த பிப்ரவரி 23-ஆம் தேதி, 36 வயதில் இறந்தார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் புத்தகத்தோடு நின்றுபோயிருந்தது. அந்த ஆலயத்துக்குள்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது 'அச்சு முன்னோடி' என்பதற்கு முன்னால் 'நற்செய்திப் பணியாளர்' என்ற சொல்லையும் கோர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோர்ப்பாளர்,
மயிலாடுதுறை.