என் கணவர் பெயரைக் காவல் நிலையச் சரித்திரப் பதிவேட்டிலிருந்து (குற்றவாளிகளைக் கண்காணிக்க வைக்கும் ஹிஸ்டரி ஷீட்) நீக்கக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: திருட்டு வழக்கில் விடுதலையான என் கணவரை ராத்திரியில் பிடித்துப் போவதை நிறுத்த வேண்டுதல் – நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரிக்கரை இருளர் குடியிருப்பு தங்களுக்குத் தெரியும். போன மழையில் தைலந்தோப்பு வரை ஜீப்பில் வந்து, அப்புறம் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பார்த்தீர்கள். அன்று கம்பு ஊன்றி வழி காட்டிக்கொண்டு தங்களுக்கு முன்னால் நடந்தவர்தான் என் கணவர்.

இதற்கு முன் கொடுத்த மூன்று மனுவுக்கும் ரசீது வைத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

1. 14 சவரன் நகை காணாமல் போனதாக அவரைக் கைது செய்து 43 நாள் சிறையில் வைத்தார்கள். நகை காணாமல் போன அந்த வாரம் முழுவதும் அவர் வேறு மாவட்டத்துச் சூளையில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார். சூளைக் கணக்கு நோட்டைப் பார்த்து நீதிமன்றம் விடுதலை செய்தது.

2. ஆனாலும் அவர் பெயர் சரித்திரப் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. கேட்டால் "குற்றப் பரம்பரைதானே" என்கிறார்கள். சில இனங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி 1871-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1952-லேயே நாடு முழுவதும் நீக்கியாகிவிட்டது. தாழ்த்தப்பட்டவர், பழங்குடி என்பதற்காகவே ஒரு நிரபராதி பெயரை இந்தப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருப்பதாக இலவச சட்ட உதவி வக்கீலம்மா சொன்னார்.

3. சுற்றுவட்டாரத்தில் எங்கே பூட்டு உடைந்தாலும் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுத் தகரத் தட்டியைத்தான் உதைக்கிறார்கள். சட்டை போடக்கூட விடுவதில்லை. மறுநாள் பொழுது சாயும் வரை உட்கார வைத்துவிட்டு "போ" என்பார்கள். இந்த வருடம் மட்டும் 11 தடவை. எட்டாவது படிக்கும் என் மகள், தீர்ப்பு நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறாள். ஜீப் சத்தம் கேட்டால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் போய் நிற்கிறாள். போன தடவை ஒரு காவலர் அதைத் தொட்டும் பார்க்காமல், "இருளனுக்கெல்லாம் தீர்ப்பு ஒரு கேடா" என்றார். அன்று முதல் பிள்ளை யூனிஃபார்மோடுதான் படுக்கிறாள். ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போக வேண்டுமாம். ஐயா, இதை எந்த மனுவில் எப்படி எழுதினால் படிப்பீர்கள்?

4. அவர் குணத்தை ஊரிலேயே கேளுங்கள். யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பீரோவுக்குப் பின்னால், நெல் மூட்டைக்கு இடையில் தனியாக விட்டுவிட்டு வீட்டார் தெருவில் நிற்பார்கள். ஒரு குண்டுமணி தங்கம் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. காவலர் குடியிருப்பிலும் இரண்டு தடவை பிடித்திருக்கிறார். எங்கள் இனத்து வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் இதே வேலைக்காக 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்பு வந்தால் ராத்திரி ஓடி வர இருளன் வேண்டும், நகை போனால் ராத்திரி இழுத்துப் போகவும் அதே இருளன்தானா?

5. ஸ்டேஷனில் உட்கார வைத்த நாட்களில் அவருக்குப் போன கூலியை நான் கேட்கவில்லை.

பதிவேட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள், எடுத்ததை எழுத்தில் கொடுங்கள். விசாரிக்க வேண்டுமா, சரி, ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள், பகலில் அவரே வருவார். இதுவரை ஒரு தடவையும் ஓடி ஒளிந்ததில்லை. ராத்திரி மட்டும் வேண்டாம் ஐயா. தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ராத்திரி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மனுதாரர்
(கையொப்பம்)