மாமா காது மெஷினுக்கு மூடி செய்து தந்த தங்கச்சிக்கு

நேற்றுதான் மழை நிவாரண முகாமிலிருந்து எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்துக்குத் திரும்பினோம். வீட்டில் ஈர வாடை இன்னும் போகவில்லை. அதற்குள் இதை எழுதிவிடச் சொல்லி மனசு அடித்துக்கொள்கிறது.

அரிசியும் போர்வையும் தந்தவர்கள், குமுளியிலிருந்து சோறு கட்டி அனுப்பியவர்கள், கம்பத்திலிருந்து மலையேறி வந்த பிள்ளைகள், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட டீச்சர்மார், கண் மூடாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் சேச்சிமார், உங்கள் எல்லாருக்கும் எங்கள் லயத்தின் கும்பிடு.

இனி உனக்கு, தங்கச்சி. பெயர் போட வேண்டாம் என்றாய், போடவில்லை.

தண்ணீர்க் குழாய்க்கு இணைப்பு செய்யத்தான் நீங்கள் சூட்கேஸ் அளவு 3டி பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த என் மாமனாரை நீதான் கவனித்தாய். ஓடி வந்த அவசரத்தில் அவர் காது மெஷினின் பேட்டரி மூடி தெறித்து விழுந்துவிட்டது. பட்டாணி அளவு மூடி. பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. 2020-ல் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து எஸ்டேட் லயங்களில் 70 உயிர் போனதிலிருந்து, மழை ராத்திரிகளில் மண் இறங்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே படுக்கிறவர்கள் நாங்கள். காது கேட்காத மனுஷர் என்ன செய்வார்? நாலு ராத்திரியும் தூங்காமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேச்சி, ஒண்ணு நோக்கட்டே?" என்று மெஷினைக் கையில் வாங்கினாய். பேட்டரியை அளந்தாய், 7.9 மில்லிமீட்டர். லேப்டாப்பில் வரைந்து ஏற்றியதும், நூல் மாதிரி பிளாஸ்டிக் உருகி வரி வரியாகப் படிந்தது. முதல் மூடி கீல் ஒடிந்தது. இரண்டாவது சாத்தவில்லை. சலிக்காமல் மூன்றாவது போட்டு, ஊசியால் ஓரத்தைச் சுரண்டிப் பொருத்தினாய். டக்கென்று உட்கார்ந்தது. மாமா திரும்பி பிரிண்டரைப் பார்த்து, "இதா இப்படிக் கத்துது?" என்றார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

காத்திருந்த நேரத்தில் நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. 2015 பூகம்பத்துக்குப் பின் நேபாள முகாமிலேயே குழாய் இணைப்பு அச்சிட்டார்கள், ஹெய்ட்டியில் தொப்புள்கொடிக்குக் கிளிப், காசாவில் ஸ்டெதாஸ்கோப்பும், ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையும். வழி அடைபட்ட ஊர்கள் எல்லாம். லாரியில் வருவது எல்லாருக்கும் பொதுவானது, அதுவும் வேண்டியதுதான். ஒரு கிழவர் காதுக்கு மட்டும் வேண்டியது எந்த லாரியில் வரும்?

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அன்றைக்கு உன் பக்கத்தை விட்டு அவள் நகரவே இல்லை. நீ ஏற்றித் தந்த அந்த வரைபடத்தை என் போனில் திறந்து திறந்து பார்க்கிறாள். கொச்சியில் இந்த மாதிரி மெஷின்களில் யாரும் செய்து பழகலாம் என்கிற பட்டறை, ஃபேப் லேப், இருக்கிறது என்றாயே, லீவு விட்டதும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கொழுந்துக் கூலியில் பஸ் காசு எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டுப் போனாய். நீ கூடுதலாகச் செய்து தந்த இரண்டு மூடியும் மாமாவின் சுருக்குப்பையில் பத்திரமாக இருக்கின்றன.

வண்டிப்பெரியார் பக்கத்திலிருந்து,
உன் சேச்சி